குண்டன் மண்ணில் இறங்கிய நாள்

நிலவுக்கென்று அந்த ஆய்வுக்கூடத்தில் செய்த வண்டிகள் இரண்டு. ஒன்றைப் பஞ்சு என்றார்கள், மற்றதைக் குண்டன் என்றார்கள். ஒரே உயரம், ஒரே அகலம், ஆளுக்கு ஆறு சக்கரம். தூரத்தில் நின்று பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். தூக்கிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். பஞ்சுவை இரண்டு பேர் வீட்டுக்கதை பேசிக்கொண்டே தூக்கிவிடலாம். குண்டனை அசைக்கக் கிரேன் வேண்டும்.

பஞ்சு பிறந்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. நிலவில் எந்தப் பொருளும் இங்கே இருக்கிற எடையில் ஆறில் ஒரு பங்குதான் இருக்கும். ஆகவே ஆறில் ஒரு பங்கு எடையில் ஒரு வண்டி செய்து, நிலவின் மண்ணைப் போலவே பாறையை அரைத்துக் கொட்டிய சாம்பல் நிறப் பொடியில் ஓட்டிப் பார்த்தால், நிலவிலேயே ஓட்டிப் பார்த்த மாதிரிதானே? எடையைக் குறைக்க அதன் முதுகில் பேட்டரியைக்கூட ஏற்றவில்லை. கூரையிலிருந்து தொங்கும் ஒயர் வழியாகக் கரண்டைக் குடித்துக்கொண்டு அது சமர்த்தாக ஓடியது.

குண்டன் பக்கத்துக் கூடத்தில், வழுவழுப்பான டைல்ஸ் தரையில் நின்றான். நிஜ வண்டியில் இருக்கப்போகிற பேட்டரி, மோட்டார், மூளை எல்லாம் அவன் உடம்பில் இருந்தன. தூசி பட்டால் மூட்டுகள் கெட்டுவிடும் என்று அவனை மண் பக்கமே விட்டதில்லை. அப்பழுக்கில்லாமல், கல்யாண வீட்டுக்குக் கிளம்பி வாசலில் காத்திருப்பவனைப் போல நின்றுகொண்டிருப்பான்.

நிலவுக்குப் போகப்போவது மூன்றாவது வண்டி. அது இன்னும் பிறக்கவில்லை. மதிப்பீட்டுக் குழு வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அதற்கு முதல் திருகு முடுக்கப்படும். கையெழுத்து விழுந்துவிட்டால் பிறகு ஒரு திருகைக்கூட மாற்ற முடியாது.

சக்கரங்கள் அமுக்குணியின் பொறுப்பு. அந்தப் பெயரை வைத்தவள் அவளுடைய அக்கா. சின்ன வயதில், மத்தியானம் கேட்ட கேள்விக்குச் சாயங்காலம் பதில் சொல்லும் பிள்ளையாக அவள் இருந்தாள். அக்காவும் அதே ஆய்வுக்கூடத்தில் பேட்டரிப் பிரிவைப் பார்த்துக்கொண்டதால், வீட்டுப் பெயர் பஸ் ஏறி அலுவலகம் வரை வந்துவிட்டது. அமுக்குணி அதை மறுக்கவில்லை. அவள் எதையும் உடனே மறுப்பதில்லை. அவள் பேசாமல் இருந்தால் சரி என்று அர்த்தம் என அந்தக் கட்டடம் தானாகவே முடிவு செய்து வைத்திருந்தது. அவளுக்குள் அந்த நேரத்தில் என்ன ஓடுகிறது என்று யாரும் கேட்டதில்லை. ஒருவேளை கேட்டிருந்தாலும், அவள் பதில் சொல்லச் சாயங்காலம் ஆகியிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டு அடுப்படியில்தான் அது ஆரம்பித்தது. அக்காவின் கணவர் டீ போட்டுக்கொண்டிருந்தார். அமுக்குணி மேடையோரம் நின்று, உயரமான சர்க்கரை டப்பாவுக்குள் ஸ்பூனைச் செருகினாள். மேலாகச் செருகியபோது அது சாய்ந்து விழுந்தது. அடிவரை இறக்கியபோது ஆடாமல் நின்றது. எடுத்தாள். மறுபடி மேலாகச் செருகினாள். விழுந்தது. மறுபடி அடிவரை இறக்கினாள். நின்றது.

"என்னம்மா, சர்க்கரையோட சண்டையா?" என்றார் மாமா. "டீயில போட்டா அது தானா கரைஞ்சிடும். இவ்வளவு குத்தணும்னு இல்ல."

அவள் மறுபடி ஸ்பூனைச் செருகினாள். டீ ஆறியது. ஆடை படிந்தது. மாமா தன் கோப்பையைக் குடித்து முடித்து, அவள் கோப்பையையும் எடுத்துக் குடித்தார்.

"அக்கா," என்றாள் கடைசியில்.

அக்கா ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். "சொல்லு."

"கீழ இருக்கற சர்க்கரை ஏன் ஸ்பூனைப் பிடிச்சுக்குது?"

"மேல இருக்கறது அழுத்துது. இதுக்கு ரெண்டு பட்டம் வேணுமா?"

"மண்ணும் அப்படித்தானே? அதோட எடைதான் அதை இறுக்கிப் பிடிச்சு வைக்குது. நிலாவுல அந்த எடையே ஆறுல ஒண்ணு."

"வண்டியும் ஆறுல ஒண்ணுதான். அதுக்குத்தானே பஞ்சுவைப் பண்ணினோம்?"

"பஞ்சுக்கு எடையைக் குறைச்சோம் அக்கா. மண்ணுக்கு யாரு குறைச்சா?"

அக்காவின் கை தலையிலேயே நின்றது.  மாமா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கும் கொஞ்சம் புரியற மாதிரி சொல்லுங்க. நான் பல் டாக்டர்தான், ஆனா அவ்வளவு மோசமில்ல."

"அங்க வண்டியும் லேசு, மண்ணும் லேசு மாமா. நாங்க இங்க லேசான வண்டியைக் கனமான மண்ணுல ஓட்டிட்டு, நல்லா ஓடுது நல்லா ஓடுதுன்னு கைதட்டிட்டு இருக்கோம்."

"அப்போ கனமான மண்ணுக்கு ஜோடி..."

"கனமான வண்டி. குண்டன்."

"பாவம், அவனைத்தான் ஷோகேஸ்ல வச்சிருக்கீங்களே," என்றார் மாமா.

அக்கா துண்டைத் தோளில் போட்டாள். அவள் முகம் மாறியிருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது, புரிந்ததால்தான் கோபம் வந்தது. "சரி. குண்டன் மண்ணுல புதைஞ்சான்னே வச்சுக்குவோம். உனக்கு என்ன வேணும்?"

"சக்கரம் இன்னும் அகலமாகணும். மண்ணைக் கவ்வறதுக்கு வெளி விளிம்புல பட்டையும் வேணும்."

"அதுக்கு எடை எங்கேருந்து வரும்? மொத்த எடையில ஒரு கிராம் ஏத்த முடியாது. என் பேட்டரி மேல போர்த்தியிருக்கற போர்வையில இருந்துதானே உருவுவே? அங்க ராத்திரின்னா ரெண்டு வாரம்டி. போர்வை இல்லாம என் பேட்டரி விறைச்சுச் செத்துடும். அப்புறம் உன் அகலச் சக்கரம் எதுக்கு? பொணத்துக்குப் புதுச் செருப்பு போட்ட மாதிரி."

"போர்வை போத்திக்கிட்டுப் பள்ளத்துல உக்காந்திருந்தா மட்டும்?"

"வீம்பு பிடிச்சவடி நீ. பேசமாட்டே, பேசினா இப்படித்தான்."

அதன் பிறகு அக்கா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அமுக்குணியும் எடுக்கவில்லை. இருவரும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். ஜன்னலோர இருக்கையில் அமுக்குணி, அடுத்ததில் அக்கா. நடுவில் யாரோ மூன்றாவது ஆள் உட்கார்ந்திருப்பது போல ஓர் இடைவெளி.

ஆய்வுக்கூடத் தலைவரின் அறைக்கு அமுக்குணி தனியாகத்தான் போனாள். தலைவர் கெட்டவர் அல்ல. ஜன்னல்கூட இல்லாத ஒற்றை அறையில் ஆரம்பித்த வேலையை இந்தக் கூடம் வரை இழுத்து வந்தவர் அவர்தான். இழுத்து வந்த களைப்பு கண்ணுக்குக் கீழே தெரியும். அவள் சொன்னதை முழுதாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இத்தனை நாள் ஓட்டினது எல்லாம் பொய்ங்கறியா?"

"பொய் இல்ல சார். பாதி."

"குழு வர்ற நேரத்துல போய் பாதிங்கறியேம்மா. நமக்கு ராக்கெட்ல இருக்கறது ஒரே ஒரு இடம். நாம தடுமாறினா அதைப் பிடிக்க வேற ஒரு ஆய்வுக்கூடம் வாசல்ல நிக்குது. உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார்."

"கையெழுத்து ஆகட்டும். அப்புறம் நிதானமா பார்க்கலாம்."

"அப்புறம் திருகைக்கூட மாத்த முடியாது சார். குழு வர்ற அன்னிக்கே குண்டனையும் மண்ணுல ஓட்டிக் காட்டிடலாம்."

"வேண்டாம். மூட்டுல தூசி போச்சுன்னா யார் பதில் சொல்றது? வேண்டாம்னா வேண்டாம்."

அவள் பேசாமல் நின்றாள். வெளியே யாரோ டிராலியைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டுத் தேய்ந்தது. தலைவர் அவள் முகத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார்.

"உன்கிட்ட பிடிச்சதே இதான். சொன்னா புரிஞ்சுக்குவே. போயிட்டு வா."

அவள் படியிறங்கும்போது தன் வாழ்க்கையில் இப்படி எத்தனை தலையசைப்புகளை வாங்கியிருக்கிறோம் என்று யோசித்தாள். அவள் சம்மதிக்காத எத்தனையோ காரியங்கள் அவள் சம்மதத்தோடு நடந்திருந்தன. அவற்றில் பலவற்றால் யாருக்கும் பெரிய சேதமில்லை. ஆனால் இது வேறு. கண்ணை மூடினால் அந்தப் பள்ளம் தெரிந்தது. காற்றில்லாத இடம், கறுத்த வானம், மண்ணில் வயிறு பட்டு உட்கார்ந்துவிட்ட ஒரு வண்டி. மோட்டார் சுற்றுகிறது, சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. கைகொடுக்க ஆளில்லை. சத்தம் போட்டால் கேட்கக் காற்றுகூட இல்லை. அவள் செய்த சக்கரம். அதை நினைக்கும்போது துக்கத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. பேசாமலே இருந்தவர்களுக்கு வருகிற ஆத்திரம் அது. அதற்கு எங்கே வெளியேறுவது என்று தெரியாது.

குழு வந்த நாள் காலையில் மண் கூடத்தின் ஜன்னல்களை எல்லாம் துடைத்து வைத்திருந்தார்கள். வந்தவர்கள் தூசிக்காக முகமூடி மாட்டிக்கொண்டு மண் தொட்டியின் விளிம்பைச் சுற்றி நின்றார்கள். குழுவின் தலைவி தலைமுடியைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண்மணி. யாரிடமும் சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. கிரேன்காரர் தன் இடத்தில் ஏறி உட்கார்ந்து, இன்றைக்கு வேலை இல்லை என்கிற நிம்மதியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். அக்கா கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் இருந்தாள். வண்டி எவ்வளவு கரண்ட் எடுக்கிறது, சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதெல்லாம் அந்தத் திரையில் வரும்.

வண்டியை ஓட்டும் கைப்பெட்டி அமுக்குணியின் கழுத்தில் தொங்கியது. அவளைவிட நன்றாக ஓட்டுகிறவர் அங்கே இல்லை.

பஞ்சு இறங்கியது. சாம்பல் பொடியில் லேசான தடம் பதித்து, கற்களைச் சுற்றிக்கொண்டு, சரிவில் ஏறி உச்சியில் நின்றது. ஒரு பூனை மதில் மேல் ஏறுகிற மாதிரி இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். தலைவர் தோள்களைத் தளர்த்தினார். குழுத் தலைவி பேனாவைத் திறந்தார்.

"இன்னொரு வண்டி இருக்கு மேடம்," என்றாள் அமுக்குணி.

முகமூடிக்குள் இருந்து வந்த அந்தக் குரல் யாருடையது என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. அவள் அதற்குள் சுவரில் இருந்த பொத்தானை அழுத்திவிட்டாள். இரண்டு கூடங்களுக்கும் நடுவில் இருந்த ஷட்டர் கடகடவென்று மேலே ஏறியது. கைப்பெட்டியில் இருந்த ஒரு விசையை மாற்றிப் போட்டாள். அந்தப் பக்கம் டைல்ஸ் தரையில் அப்பழுக்கில்லாமல் நின்ற குண்டன் உறுமிக்கொண்டு கிளம்பினான்.

"ஏய், என்ன பண்றே?" என்றார் தலைவர். "நிறுத்தும்மா!"

அவள் நிறுத்தவில்லை. குண்டன் சரிவுப் பலகையில் இறங்கினான். முன் சக்கரங்கள் மண்ணைத் தொட்டன. கொஞ்ச தூரம் போனான். மேடேறத் தொடங்கியதும் சக்கரங்கள் சுற்றின, வண்டி நின்றது. அவள் விசையை இன்னும் கொஞ்சம் தள்ளினாள். பின்னால் புகை மாதிரித் தூசி எழும்பியது. ஆறு சக்கரமும் ஆறு குழி தோண்டின. குண்டன் முன்னே போவதற்குப் பதிலாகக் கீழே போனான். மெல்ல, மரியாதையாக, நாற்காலியில் உட்காருகிற ஆளைப் போல வயிறு பதிய உட்கார்ந்தான்.

யாரும் பேசவில்லை. தூசி இறங்கும்வரை யாரும் பேசவில்லை. அந்த அமைதி அமுக்குணிக்குப் பழக்கமானதுதான். மற்றவர்களுக்குத்தான் அதில் நிற்கத் தெரியவில்லை. ஒருவர் இருமினார். இன்னொருவர் தன் செருப்பைப் பார்த்தார்.

"நிலாவுல இதான் நடக்கும் மேடம்," என்றாள். "பஞ்சு ஏறினது வண்டி லேசுங்கறதால. ஆனா மண்ணை நாங்க லேசாக்கல. அங்க மண்ணும் லேசு. வண்டி, மண்ணு ரெண்டுமே கனமா இருந்தாத்தான் கணக்கு சரியா வரும். அதான் இது."

"கிரேனைப் போடு!" என்று கத்தினார் தலைவர். "முதல்ல அவனை வெளியே தூக்கு!"

கிரேன்காரர் காலாட்டுவதை நிறுத்திக் கம்பியை இறக்கினார். கொக்கி ஆடிக்கொண்டே கீழே வந்தது. அப்போது அமுக்குணி கைப்பெட்டியைக் கழுத்திலிருந்து கழற்றவில்லை; செருப்பைக் கழற்றினாள். தொட்டியின் விளிம்பைத் தாண்டி இறங்கி, கணுக்கால் புதைய நடந்து போய், குண்டன் மேல் கொக்கி மாட்டும் வளையத்தைக் கையால் மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அங்க கிரேன் வராது சார்," என்றாள்.

"அம்மா தாயே, கொக்கி தலையில பட்டா நான் பொறுப்பில்ல," என்றார் மேலே இருந்து கிரேன்காரர்.

"பாத்து இறக்குங்க அண்ணே. நான் நகரப் போறதில்ல."

"எந்திரி." தலைவரின் குரல் தணிந்திருந்தது. கத்தியதைவிட அதுதான் பயமாக இருந்தது. "எந்திரிச்சு வா. இனிமே நீ இந்தப் பெட்டியைத் தொடக்கூடாது. எல்லார் உழைப்பையும் ஒரு நிமிஷத்துல மண்ணுல போட்டுட்டே."

"மண்ணுலதான் சார் ஓடணும். டைல்ஸ்ல இல்ல."

 பொடி குளிர்ந்திருந்தது. குண்டனின் பக்கவாட்டுத் தகடு சூடாக இருந்தது. அவன் இவ்வளவு பாடுபட்டு இதுவரை யாரும் பார்த்ததில்லை. வேலை போனால் போகட்டும் என்று ஒரு நினைப்பு வந்து, உட்கார்ந்து, தானாக எழுந்து போனது. அது போன பிறகும் அவள் அங்கேயே இருந்தாள்.

அப்போது அக்கா திரைக்கு முன்னால் இருந்து எழுந்தாள். அவள் தங்கையைப் பார்க்கவில்லை. குழுத் தலைவியைப் பார்த்துத்தான் பேசினாள்.

"மேடம், பஞ்சுல சக்கரம் ஒரு சுத்து சுத்தினா வண்டி ஒரு சுத்து தூரம் போச்சு. பேட்டரி எத்தனை நாள் தாங்கும்னு நான் போட்ட கணக்கு எல்லாம் அதை வச்சுத்தான். இப்போ இதைப் பாருங்க. சுத்தறது மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு. குண்டன் கனம், அதனால கரண்ட் அதிகமா எடுப்பான், அது சரி. நான் ஆறால வகுத்துட்டேன். வகுத்த பிறகும், நகராத வண்டிக்கு என் பேட்டரி தண்ணி மாதிரி செலவாகுது." நிறுத்தினாள். முகமூடியை இறக்கிவிட்டாள். "என் கணக்கும் தப்பு மேடம். அவ சக்கரம் மட்டும் இல்ல."

அவள் விறுவிறுவென்று நடந்து தொட்டி விளிம்புக்கு வந்தாள். செருப்பைக் கழற்றித் தங்கையின் செருப்புக்குப் பக்கத்தில் விட்டாள். உள்ளே இறங்கினாள். அக்காவுக்கு உடம்பு கனம். அவளும் நன்றாகப் புதைந்தாள். குண்டனின் அந்தப் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"முன்னாடியே சொல்றதுக்கு என்னடி?"

"சொன்னேனே அக்கா."

"சக்கரத்தைப் பத்தித்தானே சொன்னே? என் பேட்டரியும் இதுல மாட்டும்னு சொன்னியா?"

"நீதான் சர்க்கரை டப்பாவோட சேர்த்துப் பேச்சையும் மூடி வச்சுட்டியே."

அக்கா வாய்க்குள் ஏதோ திட்டினாள். சின்ன வயதில் திட்டிய அதே வார்த்தைதான். அமுக்குணிக்கு அது காதில் விழுந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த அந்த மூன்றாவது ஆள் எழுந்து போனது போல இருந்தது.

குழுத் தலைவி பேனாவை மூடினார். "இன்னிக்கு நான் கையெழுத்துப் போட முடியாது," என்றார் தலைவரிடம். "ராக்கெட்ல இடத்தை உங்களுக்காக எத்தனை நாள் வச்சிருக்க முடியும்னும் என்னால சொல்ல முடியாது. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் மேடம்," என்றார் தலைவர்.

"அந்த வண்டியை எப்போ வெளியே எடுப்பீங்க?"

தலைவர் மண்ணைப் பார்த்தார். இரண்டு பெண்களுக்கு நடுவில், வயிறு பதிய, உடம்பெல்லாம் சாம்பல் தூசி அப்பிக்கொண்டு குண்டன் உட்கார்ந்திருந்தான். மேலே கொக்கி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. வெறுமனே கையில் வைத்துக்கொண்டு நின்றார். இவரும் பதிலுக்கு நேரம் எடுத்துக்கொள்கிற ஆள்தானா என்று அமுக்குணி முதல் தடவையாக நினைத்தாள்.

"அவன் தானா வர்றப்போ," என்றார் தலைவர்.

"கிரேன் வேண்டாமா?"

"வேண்டாம் மேடம். எங்களுக்கு அங்க கிரேன் கிடையாது." சொல்லிவிட்டு மேலே பார்த்து, "கொக்கியைத் தூக்குப்பா. காபி சாப்பிடப் போ," என்றார். கிரேன்காரர் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

குழு போன பிறகு தலைவர் தொட்டி விளிம்பில் வந்து நின்றார். அமுக்குணியைப் பார்த்து விரலை நீட்டினார். "உன் மேல எனக்குக் கோபம் போகல. போகவும் போகாது. நான் வேண்டாம்னு சொன்னேன். நீ சரின்னு தலையாட்டிட்டுப் போனே."

"நான் தலையாட்டல சார். சும்மா நின்னேன்."

தலைவர் நீட்டிய விரலை மடக்கினார். அந்த அறையை, அந்த டிராலிச் சத்தத்தை அவர் மறுபடி நினைத்துப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு திரும்பி, அக்கா விட்டுப் போன திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

"கரண்ட் நான் பாக்கறேன். பெட்டி உன் கழுத்துலயே இருக்கட்டும், இன்னிக்கு மட்டும். நகர்த்துங்க."

ஆறையும் ஒன்றாகச் சுற்றினால் ஆறு குழி ஆழமாகும், அவ்வளவுதான். அமுக்குணி ஐந்து சக்கரங்களைப் பூட்டிவிட்டு, ஒன்றை மட்டும் நத்தை வேகத்தில் பின்னுக்குத் திருப்பினாள். பிறகு அதைப் பூட்டிவிட்டு அடுத்தது. பிறகு அதற்கடுத்தது. அக்கா மண்ணில் முழங்கை ஊன்றிப் படுத்து, சக்கரத்தின் விளிம்பைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், அமுக்குணி."

"ம்."

"உன் சக்கரத்துக்கும் பட்டைக்கும் எவ்வளவு எடை வேணும்?"

அமுக்குணி யோசித்தாள். மோட்டார் முனகியது. வெயில் ஜன்னலில் இருந்து நகர்ந்து தொட்டியின் விளிம்பைத் தொட்டது. தலைவர் அங்கிருந்து எண்களைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"போர்வையில ஒரு ஓரம் கொடு, போதும்," என்றாள். "மிச்சத்தை நான் வண்டிச் சட்டத்துல இருந்து செதுக்கி எடுக்கறேன்."

"ஓரம்னா எந்த ஓரம்? கால் பக்கம்னா தர்றேன். தலைப்பக்கம் கேட்டே, கொன்னுடுவேன்."

"கால் பக்கம்."

பின் சக்கரம் ஒன்று வழுக்கியது. மறுபடி வழுக்கியது. பிறகு எதையோ பிடித்துக்கொண்டது. குண்டனின் வயிற்றுக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற அளவுக்கு இடம் விழுந்தது. அக்கா அதில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினாள். அவள் மூக்கு நுனியில் நிலவின் நிறம் அப்பியிருந்தது.

"நிறுத்தாதே," என்றாள் அக்கா.

அமுக்குணி நிறுத்துவதாக இல்லை.